சண்முகசுந்தரியின் நான்காவது தாள்

தட்டச்சு இயந்திரத்துக்கு வாரம் ஒருமுறை எண்ணெய் போட வேண்டும், ஐயா. நான் ஒரு வாரமும் தவறியதில்லை. தென்காசியில் என் பயிலகத்தில் படித்தவர்கள் யாரும் பயிற்சியைக் குறை சொல்ல முடியாது.

1958-இல் அரசு அங்கீகாரம் கேட்டு விண்ணப்பித்தேன். மறுத்துவிட்டார்கள். அதற்குள் பெயர்ப்பலகை மாட்டியாகிவிட்டது, மாணவர்களும் சேர்ந்திருந்தார்கள். பி.ஏ. படித்தவன் மாட்டிய பலகையை இறக்கினால் நன்றாக இருக்காது. அதனால் அரசுத் தேர்வையும் நானே நடத்தினேன். சீசன் முடிந்ததும் குற்றாலத்தில் பங்களாக்கள் காலியாகக் கிடக்கும்; அதில் ஒன்றில்தான் தேர்வு. புளியங்குடி எலுமிச்சை மண்டியில் எழுத்து வேலை பார்த்த ஆவுடைநாயகம், கோட்டு மாட்டிக்கொண்டு சென்னை அதிகாரியாக உட்கார்ந்திருப்பார். அதிகம் பேச வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தேன்.

தாள்களை நான்தான் திருத்தினேன். ஒழுங்காகவே திருத்தினேன். ஆனால் தேறியவருக்குச் சான்றிதழ் தர வேண்டும். போலி முத்திரை குத்துவது மோசடி. தோற்றவருக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை. ஆகவே எல்லோரும் தோற்றார்கள்.

"மெட்ராஸ்காரனுக்கு நம்ம ஊர்த் தண்ணி ஒத்துக்கல போல அண்ணாச்சி. ஒருத்தனையும் தேற விடமாட்டேங்கான்" என்று மாணவன் சுடலையாண்டி சிரிப்பான். நானும் சிரிப்பேன்.

என் மனைவி சண்முகசுந்தரியும் என்னிடம் படித்தவள்தான். மணமான பிறகும் எழுதினாள். தாலுகா ஆபீஸ் வேலைக்குச் சான்றிதழ் வேண்டும். அந்த ஒரு ஆசைதான் அவளுக்கு. சோறு வேகும்வரை அடுப்பங்கரைச் சுவரில் விரலால் தட்டிப் பழகுவாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்ததுண்டு. கணவன்மேல் உள்ள மரியாதை போய்விடும். மூன்று முறை தோற்றாள்.

நான்காவது முறையும் முடிவைச் சொன்னேன்.

"ஏங்க, எங்கன தப்பு விட்டேன்னாவது சொல்லுவாங்களா?"

அந்த வழக்கம் இல்லை என்றேன்.

"அப்போ என் விரலுதான் மக்கு" என்றாள். சாப்பாடு பரிமாறினாள். மறுநாள் அருவிக்குப் போய் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு நாள் கழித்துச் சிற்றாற்றில் கிடைத்தாள்.

அதன் பிறகுதான் சுடலையாண்டி தன் தாளை மறுபடி திருத்தக் கேட்டுச் சென்னைக்கு மனுப் போட்டான். அப்படி ஒரு தேர்வு எண்ணே இல்லை என்று பதில் வந்தது. நீங்களும் விசாரிக்க வந்துவிட்டீர்கள்.

தாள்கள் எல்லாம் அந்த டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. அவளுடைய நான்காவது தாள் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும். மூன்று முறை படித்துப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. அவளிடம் சொல்லியிருந்தால் சான்றிதழ் கேட்டிருப்பாள்.

நான் யாருக்கும் பொய்ச் சான்றிதழ் கொடுத்ததில்லை, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.