அண்ணியோடு போன சடை

கூலி உயர்வு கேட்டு வந்த ஊர்வலத்துக்காகப் பாபநாசத்தில் பேருந்து நின்றுவிட்டது. பின் இருக்கையில் ஓர் அம்மாவும் கல்யாணப் பெண்ணும். மடியில் இரண்டு சவுரி முடிகள்; ஒன்று நைலான், ஒன்று அசல்.

"என் சடையத் தூக்கிக்கிட்டு அண்ணி கோச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போயிருச்சேம்மா!"

"அது அவ சவுரிதானடி. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு மட்டும் குடுத்தா."

"முழங்கால் வரைக்கும் சடைன்னு மாப்ள வீட்ல ஊரெல்லாம் சொல்லியாச்சு."

"அப்ப நைலானை வையி. நீளமா இருக்கு."

"பளபளன்னு மின்னுதே, பொய்முடின்னு தெரிஞ்சிடும்."

"அப்ப அசல் முடி."

"இடுப்போட நிக்குதே. மீதி எங்கேன்னு கேட்டா?"

"ரெண்டையும் சேத்துப் பின்னிடலாமா?"

செங்கொடிகள் ஜன்னலை உரசிக்கொண்டு கடந்தன. வண்டி உறுமியது.

"கல்யாணத்துக்கு மறுநா அவங்க வீட்ல சடைய அவுத்துத் தலைக்குக் குளிக்கணுமே. அப்ப எதைம்மா காட்டுவேன்?"

அம்மா இரண்டு சவுரிகளையும் சுருட்டிப் பைக்குள் வைத்தாள்.

"அதுக்குள்ள அண்ணியச் சமாதானம் பண்ணிக் கூட்டியாந்துடுறேன்டி."