வருமானம் இருக்கிறது என்று சொன்னவள்

மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் பேருந்து நெரிசலில் மாட்டி நின்றது. எனக்கு முன்சீட்டில் அக்கா, தங்கை இரண்டு பேர். குடும்பக் கோர்ட்டிலிருந்து வருகிறார்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"வருமானமே இல்லன்னு சொல்லச் சொன்னாரே வக்கீலு, நீ ஏன்டி கீதுன்னு சொன்ன? வெளிய வந்து தலையில அடிச்சிக்கிறாரு. புள்ளைக்கு உன் புருசன் குடுக்கற பணம் கொறஞ்சிடாதா?" என்றாள் அக்கா.

"விடியறதுக்குள்ள எந்திரிச்சிப் போய் மீன் விக்கிறேன். ஒண்ணும் இல்லாதவன்னு என் வாயால எப்டிக்கா சொல்லுவேன்?"

"இந்தப் பெருமைக்கு ஒண்ணும் கொறச்சலில்ல. அவன் மட்டும் வேலையே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டு ஜாலியா சுத்துறான்."

"உள்ள நடந்தத முழுசா கேளு. என் வருமானத்த நான் சொன்னதும் அவன் மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே! 'இவ இன்னாம்மா சம்பாதிக்கிறா? இத மாதிரி ரெண்டு பங்கு நான் சம்பாதிக்கிறேன். சொந்தமா படகு வச்சிருக்கேன்'னு கத்திட்டான்."

"ஐயோ! அவன் வக்கீலு?"

"சட்டையப் புடிச்சி இஸ்த்தாரு. அதுக்குள்ள ஜட்ஜம்மா, 'அதையும் எழுதிக்கோங்க'ன்னுட்டாங்க. என் வருமானம், அவன் வருமானம், படகு எல்லாத்தையும் பாத்துதான் புள்ளைக்கு மாசம் எவ்ளோன்னு சொல்லுவாங்களாம்."

அக்கா சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"அவன் இப்டிக் கத்துவான்னு தெரிஞ்சேதான் சொன்னியாடி?"

"அவன்கூட குடும்பம் நடத்துனவ இல்லியாக்கா நானு?"

மந்தைவெளியில் இறங்கிப் போய்விட்டார்கள். யார் பெற்ற பெண்ணோ, எனக்குத்தான் பெருமை தாங்கவில்லை.