பச்சைக் கப்

இளநீர்ப் புட்டிங் உறைவதற்குச் சர்க்கரை தேவையே இல்லை. இது எனக்கு அறுபத்தொரு வயதில்தான் தெரிந்தது. சைனா கிராஸ் என்கிற கடல்பாசி இருந்தால் போதும், சர்க்கரை வெறும் ருசிக்குத்தான் என்று மஹாலட்சுமி சொன்னாள். அதனால் அவள் கடையில் சர்க்கரை போட்டும் செய்வாள், போடாமலும் செய்வாள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. குழப்பம் வரக்கூடாது என்று சர்க்கரை இல்லாததைப் பச்சைக் கப்பிலும் மற்றதை வெள்ளைக் கப்பிலும் ஊற்றி வைப்பாள்.

நீங்கள் அவள் கடையை மூடிய அன்று அங்கிருந்து எடுத்துப்போன மாதிரிகளில் ஒன்றும் கிடைக்காது, சார். அந்தப் பெண் சர்க்கரை இல்லை என்று சொன்னால் அதில் சர்க்கரை இருக்காது. உணவுப் பாதுகாப்பு அதிகாரி என்ற முறையில் நீங்கள் என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். வாயால் சொன்னால் நடுவில் கேள்வி கேட்பீர்கள். அதனால்தான் பேப்பர் கேட்டு வாங்கினேன். முப்பத்து மூன்று வருஷம் கணக்கு டீச்சராக இருந்தேன். விடையை மட்டும் எழுதினால் மார்க் கிடையாது, வழியையும் எழுதணும் என்று பிள்ளைகளிடம் சொன்னவள் நான். ஆகவே வழியையும் எழுதுகிறேன்.

என் அக்கா ரத்தினபாய் என்னைவிட ஆறு வயது மூத்தவள். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தான் இறந்ததும், மகன் ஆபேல் மெல்போர்னில் இருப்பதால், செம்பாக்கத்தில் என் வீட்டுக்கு வந்தாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வந்த இரண்டாம் நாளே அது அவள் வீடாகிவிட்டது. அவளுக்குப் பதினைந்து வருஷமாகச் சுகர் உண்டு. அதைத் தவிர அவளிடம் ஒரு குறையும் கிடையாது, அவளைக் கேட்டால்.

சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் வெளியே சாப்பிடுவோம். வேளச்சேரி சாலையில் ஒரு மாடியில் இருக்கிறது அந்த ரெஸ்டாரண்ட். சைனீஸ், தாய், கொரியன் எல்லாம் கிடைக்கும். உட்கார்ந்ததும் இரண்டு மெனு கார்டு கொடுப்பார்கள். அக்கா இரண்டையும் வாங்குவாள். ஒன்றைத் திறந்துகொண்டு, மற்றதைத் தன் கைப்பைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். வேண்டுமென்று செய்யவில்லை. எனக்கு அது தேவைப்படும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை, அவ்வளவுதான்.

"ஒரு மிக்ஸ்ட் ஃபிரைட் ரைஸ், ஒரு லெமன் சிக்கன். காரம் சுத்தமா வேண்டாம். இவளுக்குக் காரம் ஆகாது."

ஐந்து வருஷம், சார். எல்லாச் சனிக்கிழமையும் இதே வார்த்தை. எனக்குப் பதினான்கு வயதில் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை நடந்தபோது நாலு மிளகாய் பஜ்ஜி தின்று வாந்தி எடுத்தேன். அன்றோடு எனக்குக் காரம் ஆகாது என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். பிறகு ஒவ்வொன்றாக ஆகாமல் போயிற்று. ஸ்கூட்டி ஆகாது, இவளுக்குத் தலை சுற்றும். வெளியூர் ஆகாது, இவளுக்குத் தண்ணீர் மாறினால் சளி பிடிக்கும். தூத்துக்குடியிலிருந்து வேதசிரோமணி என்று ஒரு வாத்தியார் என்னைப் பெண் கேட்டு வந்தபோது, சளியைச் சொல்லித்தான் அக்கா அவரை அனுப்பி வைத்தாள். நான் உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். காபியைக் கொண்டு வருவதற்குள் அவர் செருப்பு மாட்டியாகிவிட்டது.

அதெல்லாம் பழைய கதை. அதற்காக நான் எதுவும் செய்யவில்லை. அப்படி நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம்.

பக்கத்து மேஜைகளுக்குத் தாய் கிரீன் கறி போகும். தேங்காய்ப் பாலில் பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி, மேலே துளசி மாதிரி ஒரு இலை. அந்த வாசனை என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வரும். ஒரு கிண்ணம் கறிக்காக ஒரு பெண்பிள்ளை இத்தனை வருஷம் ஏங்குவாளா என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கே வெட்கமாக இருந்தது. வெட்கம் அந்த எரிச்சலை இன்னும் கூட்டியது.

மூன்று வருஷத்துக்கு முன், ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை, அக்கா கை கழுவப் போன நேரத்தில் மோகன்ராஜைக் கூப்பிட்டேன். அங்கே பரிமாறுகிறவர். எனக்கு ஒரு கிரீன் கறி என்றேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. அவர் அதைக் கொண்டுவரும்போது அக்கா திரும்பி வந்துவிட்டாள்.

"இது யார் கேட்டது?"

"மேடம்தான் கேட்டாங்க, மேடம்."

"இவ கேப்பா. இவளுக்குக் காரம் ஆகாது. அப்புறம் அவஸ்தைப்படப்போறது நான்தான். எடுத்துட்டுப் போங்க."

மோகன்ராஜ் என்னைப் பார்த்தார். பக்கத்து மேஜையில் இருந்தவர்களும் பார்த்தார்கள். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது.

"எடுத்துட்டுப் போங்க" என்றேன். ஆமாம், அதை நானும்தான் சொன்னேன்.

அங்கே சாப்பிட்டுவிட்டு ராஜகீழ்ப்பாக்கத்தில் மஹாலட்சுமியின் கடைக்குப் போய் இனிப்புச் சாப்பிடுவது வழக்கம். கோவளத்து மீனவக் குடும்பத்துப் பெண். என்னிடம் படித்தவள், கணக்கில் கெட்டிக்காரி. அக்கா ஏசிக்கு நேராக உட்கார்ந்துகொண்டு என்னைக் கவுண்டருக்கு அனுப்புவாள். "எனக்கு விதவுட். உனக்கு வெனிலா ஐஸ்கிரீம்." டீக்கடையில் சர்க்கரை இல்லாத டீயை எப்படி விதவுட் என்போமோ, அப்படித்தான் புட்டிங்கையும் சொல்வாள்.

"இன்னா மிஸ், அக்காவுக்கு விதவுட்தானே? பச்சைக் கப்பு ரெடியா கீது" என்று அன்றைக்கும் கேட்டாள் மஹாலட்சுமி.

"இல்லம்மா, நார்மலே குடு. டாக்டரே சொல்லிட்டார், கண்ட்ரோல் ஆயிடுச்சு. ஆனா அவளுக்குப் பயம் போகலை. பச்சைக் கப்பைப் பார்த்தாத்தான் வாயில வைப்பா. அதனால அந்தக் கப்புலயே போட்டுக் குடு."

இவ்வளவையும் யோசித்து வைத்துக்கொண்டு நான் போகவில்லை. வாயைத் திறந்தேன், வரிசையாக வந்தது. குரல் நடுங்கவே இல்லை.

"மிஸ் சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்" என்று அவள் சிரித்துக்கொண்டே ஊற்றிக் கொடுத்தாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான். அதையும் நான்தான் கற்றுக்கொடுத்திருப்பேன்.

அக்கா ஒரு ஸ்பூன் சாப்பிட்டாள். "இன்னிக்கு நல்லா பண்ணியிருக்கா" என்றாள். முழுக் கப்பையும் வழித்துச் சாப்பிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது. அவளுக்கு எது பிடிக்கும் என்று அவளைக் கேட்காமலே நான் முடிவு செய்திருந்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு மனசு லேசாக இருந்தது.

பிறகு எல்லாச் சனிக்கிழமையும் அப்படியே நடந்தது. புதன்கிழமைகளில் நானே போய் வீட்டுக்கு வாங்கி வந்தேன். அக்காவுக்குக் குளிர்சாதனப் பெட்டியில் எப்போதும் இரண்டு பச்சைக் கப் இருக்க வேண்டும். அவள்தான் கேட்டாள், நான் வற்புறுத்தவில்லை.

வாரத்துக்கு மூன்று கப் புட்டிங்கில் ஒருவருக்குக் கண் போகாது, அது உங்களுக்கும் தெரியும். ஆகவே அடுத்த படியையும் எழுதிவிடுகிறேன்.

வீட்டில் சுகர் பார்க்கும் மிஷின் இருக்கிறது. விரலில் குத்துவதும், நம்பரைப் பார்த்துச் சொல்வதும், நோட்டில் எழுதுவதும் என் வேலை. முந்நூற்றுப் பன்னிரண்டு என்று காட்டினால் நூற்று முப்பத்திரண்டு என்று சொன்னேன். இருநூற்று நாற்பத்தொன்று என்றால் நூற்று இருபத்து நாலு. நானாக எந்த எண்ணையும் சேர்க்கவில்லை, சார். இருந்த மூன்று எண்களை இடம் மாற்றிச் சொன்னேன். ஒருநாள் இருநூற்று எழுபது வந்தது. அதை எப்படி மாற்றினாலும் சரிப்படவில்லை. அன்றைக்கு மட்டும் பேட்டரி தீர்ந்துவிட்டது என்றேன்.

நம்பர் நன்றாக இருக்கவும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. சர்ச்சில் பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று, கட்டுப்பாடாக இருந்தால் எந்த வியாதியும் அண்டாது என்று அரை மணி நேரம் பேசினாள். டாக்டரிடம் போவதையும் நிறுத்திவிட்டாள். "நல்லா இருக்கிறப்ப அவர்கிட்ட எதுக்குப் போய் உட்காரணும்?" என்றாள். போக வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. போகலாம் என்றும் சொல்லவில்லை. என்னிடம் அவள் எதையும் கேட்டு முடிவு செய்கிறவள் இல்லையே.

போன வருஷம் கண்ணுக்குள் முடி விழுந்தாற்போல் இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். கறுப்பாக என்னவோ மிதக்கிறது என்றாள். பவர் மாறியிருக்கும் என்று சொல்லி, தாம்பரத்தில் கண்ணாடிக் கடைக்கு இரண்டு தடவை அழைத்துப் போனேன். இரண்டு தடவையும் புதுக் கண்ணாடி போட்டார்கள். இரண்டுக்கும் ஃபிரேமை நான்தான் தேர்ந்தெடுத்தேன். அக்காவுக்கு அது நன்றாகவே பொருந்தியது.

ஏப்ரலில் ஒருநாள் காலை இட்லியைத் தட்டில் தேடினாள். விழித்திரையில் ரத்தம் கசிந்துவிட்டது என்று கண் டாக்டர் சொன்னார். மாதக்கணக்காகச் சுகர் முந்நூறுக்கு மேல் இருந்திருக்கும் என்றார்.

"சான்ஸே இல்ல டாக்டர். என் தங்கச்சி கணக்கு டீச்சர். அவ பார்த்த நம்பர் தப்பாகாது" என்றாள் அக்கா.

லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். இப்போது அவளுக்கு வெளிச்சமும் நிழலும்தான் தெரிகிறது.

ஆபேல் மெல்போர்னிலிருந்து ஓடி வந்தான். மிஷின் கெட்டுப்போயிருக்கும், கடைக்காரி ஏமாற்றியிருப்பாள் என்று சொன்னான். அம்மா பச்சைக் கப்போடு சிரித்துக்கொண்டிருக்கும் படத்தை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தான். கடை மூடிப் பதினாறு நாள் ஆகிறது. அந்த வருமானத்தில்தான் அவள் வீட்டில் ஐந்து பேர் சாப்பிடுகிறார்கள். மஹாலட்சுமி நடந்ததை நடந்தபடியே உங்களிடம் சொல்லியிருக்கிறாள். மிஸ் சொல்லித்தான் கொடுத்தேன் என்று அழுதிருக்கிறாள். நீங்கள் யாரும் நம்பவில்லை. நேற்று இதே அறையில், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, ஆபேல் சொன்னது எனக்குக் கேட்டது.

"எங்க சித்தியா? சும்மா இருங்க சார். அவங்களுக்குச் சுயமா ஒரு ஐஸ்கிரீம் கூட ஆர்டர் பண்ணத் தெரியாது."

நீங்கள் சிரித்தீர்கள். அதுவும் கேட்டது.

மிஷினைச் சந்தேகப்பட்டீர்கள், கடையைச் சந்தேகப்பட்டீர்கள். கூடவே இருந்து விரலைப் பிடித்துக் குத்தியவள் மேல் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கு அது மிகவும் வேதனையாக இருந்தது. ஆகவே தெளிவாக எழுதுகிறேன். ரத்தினபாயின் கண்களைப் போக்கியது நான். மஹாலட்சுமிக்கு ஒன்றும் தெரியாது. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, யாரையும் கேட்டுச் செய்யவில்லை. முதலிலிருந்து கடைசி வரை நானே முடிவு செய்து நானே செய்தது. இன்றைக்குக் கடையைத் திறந்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. வழியை எழுதச் சொன்னவள் ஒரு படியை விட்டுவிடக் கூடாது.

போன சனிக்கிழமை அக்கா வெளியே கூட்டிப்போகச் சொன்னாள். அதே மாடிக்குக் கைபிடித்து ஏற்றி அழைத்துப் போனேன். மோகன்ராஜ் இரண்டு மெனு கார்டையும் என் முன்னால் வைத்தார். நாலு பக்கத்தையும் வாசித்தேன். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும், "உனக்கு என்ன பிடிக்குமோ சொல்லு, கெசி" என்றாள்.

அவளுக்கு லெமன் சிக்கனும் எனக்குக் கிரீன் கறியும் சொன்னேன். வந்ததும் வாசனையை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள். மேஜை மேல் தடவித் தடவித் தண்ணீர் டம்ளரைத் தேடி, என் பக்கமாக நகர்த்தி வைத்தாள். நான் கிண்ணத்தைக் காலி செய்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக முடியவில்லை. வயிறு பற்றி எரிந்தது, நாலு தடவை வாந்தி. சுவரைப் பிடித்துக்கொண்டே சமையலறைக்குப் போய் அக்காதான் மோர் கலந்து கொண்டுவந்தாள். கறிதானா என்று கேட்டாள். இல்லை, வெயில் என்றேன்.

எனக்குக் காரம் ஆகவில்லை, சார்.

இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டுவீர்கள் என்று தெரியும். கப், மிஷின், கண்ணாடிக் கடை, எல்லாவற்றையும் வாசியுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் விட்டுவிடுங்கள்.