குடுவையில் கண்டது

தலைமையேற்று அவைக்குத் தகைமை சேர்க்கும் தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, முகம் பார்த்தே பசியறியும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமலும் நகராமல் நிற்கும் என் பணிமனைத் தோழர்களே, வணக்கம்!

விருது பெறுபவர் என் மனைவி, விஞ்ஞானி. வாழ்த்த வந்த நானோ பேருந்து ஓட்டுநர். (யாரப்பா அங்கே 'பிரேக் போடு' என்பது? இப்போதுதானே வண்டியை எடுத்திருக்கிறேன்!)

இரண்டாண்டுகள் என் குடல் என்னைப் படாதபாடு படுத்தியது. அரைமணிக்கொரு முறை வண்டியை ஓரங்கட்டினேன். பயணிகள் முணுமுணுத்தார்கள்; பணிமனை என்னை மேசை வேலைக்கு மாற்றியது. அந்த நாளில்தான் இவர் ஆய்வகத்தில் கொய்யா இலைச் சாற்றைக் கையிலெடுத்தார். கண்ணாடிக் குடுவையிலே ஒரு செயற்கை வயிறு! அமிலம் விட்டார், பித்தநீர் விட்டார், உடற்சூட்டில் ஆட்டினார். அளந்து பார்த்தால், இலையின் துவர்ப்புச் சத்தில் பாதியைக் காணோம்!

"போச்சும்மா, விட்டுடுங்க" என்றார் துறைத்தலைவர்.

"போச்சா, இல்ல மாறிடுச்சா? அதைப் பாத்துட்டு விடறேன் சார்."

சிதைந்ததெல்லாம் சீரழிந்ததாகுமா? உடைந்ததெல்லாம் ஒழிந்ததாகுமா? எஞ்சியதைக் குடல் நுண்ணுயிர்களுக்கு ஊட்டினார். உருமாறிய சத்தை அவை உண்டன. பெருங்குடலுக்கு உணவாகும் அமிலங்களை ஈந்தன. நல்லது செய்யும் இனங்கள் பெருகின!

செய்தி கேட்டுத் துள்ளினேன். மருத்துவர் தந்திருந்த மாத்திரைகளைக் குப்பையில் போட்டேன். இவருக்குத் தெரியாமல் இலையை அவித்துச் சொம்பு சொம்பாகக் குடித்தேன். பதினோராம் நாள் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தேன்.

"யாரைக் கேட்டுங்க மாத்திரையை நிறுத்துனீங்க?"

"உன்னை நம்பித்தான்மா."

அழுதுவிட்டார். "என் குடுவைக்கு வலிக்காதுங்க. உங்களுக்கு வலிக்குமே!"

மறுவாரம் ஆய்வுக் கட்டுரை அச்சுக்குப் போகும் வேளையில் இவர் ஒரு வரி சேர்த்தார்: 'இது குடுவையில் கண்டது, மனித வயிற்றில் இன்னும் காணவில்லை, மருந்தாகக் கொள்ள வேண்டாம்.'

துறைத்தலைவர் தலையைச் சொறிந்தார். "அந்த வரி வேணாமே. பத்திரிகைக்காரங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க."

"பாக்காட்டி போகட்டும் சார். நம்பிக் குடிச்ச ஒருத்தரு என் வீட்டுலயே இருக்காரு."

வரி நின்றது. பத்திரிகைகள் திரும்பிப் பார்க்கவில்லை. மருத்துவர் குழு ஒன்று திரும்பிப் பார்த்தது. மனிதரிடம் முறையாகச் சோதிக்க இன்று முன்வந்திருக்கிறது. நானோ மாத்திரையை ஒழுங்காக விழுங்கி, சென்ற மாதம் மீண்டும் ஸ்டியரிங் பிடித்தேன்!

அவையோரே! கண்டதைக் கண்டேன் எனக் கூவ ஆயிரம் பேர் உண்டு. காணாததைக் காணவில்லை எனச் சொல்ல எத்தனை பேர் உண்டு? கைதட்டல் கைக்கெட்டும் தூரத்தில் காத்திருக்க, உண்மைக்காக அதை உதறியவர் எத்தனை பேர் உண்டு? இதோ, ஒருவர் இங்கே உண்டு!

செவி கொடுத்த உங்களுக்கும் மேடை கொடுத்த தலைவருக்கும் நன்றி. உனக்கு நன்றி போதாது. இத்தனை பேர் முன்னால சொல்றேன்மா, என்னை மன்னிச்சிரு.

வணக்கம்!