சனிக்கிழமைக்கு ஒரு தப்பு

எங்க பிள்ளைங்க என்ன சுவத்துல ஒட்டிக்கிட்டா ஆடப் போகுதுங்க, ஒரு எழுத்தை ஒழுங்கா எழுதத் தெரியாதவங்க கையில எதுக்கு சாக்பீஸைக் குடுக்குறீங்க. இதே வார்த்தையிலதான் கேட்டாங்க தம்பி, நான் ஒண்ணு கூட்டல, ஒண்ணு குறைக்கல. நீங்க அந்த வயர்ச் சுருளைத் தூக்கிட்டு உள்ள வந்தப்ப ஒருத்தங்க விறுவிறுன்னு வெளிய போனாங்களே, சிவப்புப் பை மாட்டிக்கிட்டு, அவங்கதான் டான்ஸ் டீச்சர். நாளைக்கு இங்க அவங்க நிகழ்ச்சி. வாசல் போர்டுல பள்ளி மாணவர்களின் நடனம்னு எழுத வேண்டியதை, பல்லி மாணவர்களின் நடனம்னு எழுதிட்டேன். பெரிய ள போட வேண்டிய இடத்துல சின்ன ல. அதுக்குத்தான் இந்த ஆட்டம். போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு போட்டோ எடுத்துட்டுப் போறாங்களாம். எடுக்கட்டுமே, இந்த அரங்கத்தை வேற எதுக்காவது யாராவது போட்டோ எடுத்திருக்காங்களா?

நான் என்ன சொன்னேன். கான்வென்ட்ல படிச்சவ நான், எங்க ஸ்கூல்ல தமிழ் பேசினாலே வகுப்புக்கு வெளிய நிக்க வைப்பாங்க, எனக்கு ல, ள, ழ மூணும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரி, பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் எது எதுன்னு தெரியும்னேன். அப்ப இங்கிலீஷ்லயே எழுதித் தொலைங்கன்னாங்க. இங்கிலீஷ்ல எழுதினா பள்ளிக்கும் பல்லிக்கும் ஒரே எழுத்துதாங்க, அப்பவும் சண்டைக்குத்தான் வருவீங்கன்னேன். அதுக்கப்புறம்தான் அந்தக் கதவு அப்படி அடிச்சுச் சாத்திக்கிச்சு.

தண்ணியா? ஜன்னல் பக்கத்து மேஜையில இருக்கு, டம்ளர் கவுத்து வச்சிருக்கேன் பாருங்க. என்ன? ஓ, ஏணி. ஏணி மேடைக்குப் பின்னாடி, திரைக் கயிறு கட்டியிருக்கிற தூண் ஓரமா இருக்கும். நடுப்படி ஒண்ணு ஆடும், அதுல கால் வைக்காதீங்க. தம்பி தம்பின்னு கூப்பிடுறேன், தாடியில நரை தெரியுது, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு யாரையும் சார்னு கூப்பிட வாய் வர்றதில்ல, இந்த அரங்கத்துச் செயலாளர் ஒருத்தரைத் தவிர. அதுவும் கிண்டலுக்கு.

நீங்க வேலையைப் பாருங்க, நான் இந்த நாற்காலிங்களை வரிசையாப் போட்டுக்கிட்டே பேசுறேன். உட்கார்ந்தா எனக்குக் கால் தானா ஆடும். காலையில இருந்து இந்த வரிசையை எத்தனை தடவை நேராக்கினேன்னு கேக்காதீங்க. நேராத்தான் இருக்கு. இருந்தாலும் பண்றேன்.

செயலாளரைப் பாத்திருப்பீங்களே. நாளைக்கு சார்னு பேரு, நாங்க வச்சதுதான். கக்கூஸ் தாழ்ப்பாள் விழ மாட்டேங்குது சார்னா நாளைக்குப் பாத்துக்கலாம்பார். திரை பாதியில சிக்குது சார்னா நாளைக்கு. நீங்க கூட அவர் மூஞ்சிக்கு நேரா, உங்க குரலுக்கு மைக்கே வேணாம் சார், தெருமுனை வரைக்கும் போகுதுன்னீங்களாம். இதே கட்டடத்து லைப்ரரியில வேலை பாக்குற பொண்ணு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. அப்பவே நினைச்சேன், பரவாயில்ல, இந்த ஆளு முகத்துக்காகப் பேசுற ஆளு இல்லன்னு.

அந்த நாளைக்கு சார் இன்னிக்கு மட்டும் இன்னிக்கே வந்துட்டார். டீச்சர் போன கையோட, நீங்க மறுபடி வண்டிக்குப் பெட்டி எடுக்கப் போயிருந்தப்ப, வந்து நிக்கிறார். அக்கா, ஒரு தப்புன்னா பரவாயில்ல, வரிசையா வருதே. மேஜிக் ஷோவுக்கு ஆறரைக்குப் பதிலா ஏழரைன்னு எழுதினீங்க, ஜனம் வந்து சேர்றப்ப அந்த மனுஷன் புறாவை எல்லாம் கூண்டுல போட்டுப் பூட்டிட்டார். கவிதை வாசிப்பைக் கதை வாசிப்புன்னு எழுதினீங்க, கதை கேக்க வந்தவங்க ரெண்டு கவிதையில எந்திரிச்சுப் போயிட்டாங்கன்னார். கவிதைன்னு எழுதியிருந்தா அவங்க வந்தே இருக்க மாட்டாங்க சார், ரெண்டு கவிதையாவது காதுல விழுந்துச்சேன்னேன். ஏழரைன்னு எழுதினேன், எனக்கே ஏழரை பிடிச்சுக்கிச்சு, வேற என்ன சொல்ல.

அதனால என்னவாம், போர்டு, போன், இடைவேளையில மேடையேறி அடுத்து வரும் நிகழ்ச்சிகள்னு அறிவிக்கிறது, மூணையும் இனிமே லைப்ரரிப் பொண்ணு பாத்துக்குவாளாம். நான் ஓய்வெடுக்கணுமாம். சனிக்கிழமை முன் வரிசையில உங்களுக்கு நாற்காலி போட்டுடுறோம்க்கா, உங்க பொண்ணு பாடுறதை நிம்மதியா உட்கார்ந்து கேளுங்கன்னார். நிம்மதியாக் கேக்கணுமாம். சரின்னுட்டு நாற்காலி போடப் போயிட்டேன். நான் எதுக்கும் சரிங்கிறதை அந்த மனுஷன் இன்னிக்குத்தான் முதல் தடவையாக் கேக்குறார், பயந்தே போயிருப்பார்.

ஆமா, என் பொண்ணுதான். போர்டுல அவ கச்சேரி வரியை மட்டும் வீட்டுக்காரர்கிட்ட எழுதி வாங்கிட்டு வந்து பாத்துப் பாத்து எழுதினேன். எங்க பெரியவ. பேங்க்ல வேலை. இதுவரைக்கும் நாலு பேரோட நாலு பேரா நின்னுதான் பாடியிருக்கா, சனிக்கிழமை அவ ஒருத்தி. பக்கத்துல ஒரு வயலின், ஒரு தபலா, அவ்வளவுதான். ஒத்துக்கவே மாட்டேன்னா. சின்ன அரங்கம்னாத்தாம்மா பயம், முதல் வரிசையில இருக்கிறவங்க முகம் எல்லாம் தெரியும், பெரிய அரங்கத்துல இருட்டா இருக்கும், பயம் இல்லன்னா. பெரிய அரங்கத்துல உன்னை யாருடி கூப்பிட்டான்னு கேட்டேன். அப்புறம்தான் சம்மதிச்சா.

அவளுக்கு ஒரு பழக்கம் இருக்கு தம்பி. பாடி முடிச்சதும் நேரா என்கிட்ட வந்து நிப்பா. எப்படி இருந்துச்சும்மா. பூ குடுக்க நிக்கிறவங்க, கை குடுக்க நிக்கிறவங்க, அவளுக்குச் சொல்லிக் குடுத்த டீச்சர், யாரையும் பாக்க மாட்டா, கூட்டத்தை விலக்கிட்டு என்கிட்ட வருவா. அவ அப்பாகிட்ட கேக்கவே மாட்டா. அவர் இவ தும்மினாலும் சுருதியோட தும்மினாம்பார். நான்தான் உள்ளதைச் சொல்லுவேன். ரெண்டாவது பாட்டுல மூச்சு பத்தல. கடைசி வரியில பஸ்ஸைப் பிடிக்கப் போறவ மாதிரி ஓடின. இப்படி. முகம் சுருங்கும், ஒரு நிமிஷம் முறைப்பா, அப்புறம், ஆமாம்மா, எனக்கும் தெரிஞ்சுதும்பா. அதுக்கப்புறம்தான் தண்ணியே குடிப்பா. நல்லா இருந்துச்சுன்னு நான் வெறுமனே சொன்னா நம்ப மாட்டா. ராத்திரி எல்லாம் கிடந்து என்ன தப்பு, என்ன தப்புன்னு புரளுவா. ஒரு தடவை அப்படிச் சொல்லிப் பாத்து அனுபவப்பட்டிருக்கேன்.

சனிக்கிழமையும் கேப்பா. இதோ இந்தப் படி வழியாத்தான் இறங்குவா, நேரா வருவா, கேப்பா. அதை நினைச்சுத்தான் காலையில இருந்து இந்த வரிசையை நேராக்கிட்டே இருக்கேன். இருங்க, அந்த ஓரத்து நாற்காலி கோணலா இருக்கு.

ஞாயித்துக்கிழமைக்கும் நீங்கதானா? அன்னிக்குப் பொம்மலாட்டம், ஒரு மைக் போதும், பொம்மைங்க எல்லாத்துக்கும் ஒரே ஆளுதான் பேசுவார், அவருக்கும் தொண்டை கட்டியிருக்காம். அடுத்த மாசம் ரிட்டயர்டு ஆளுங்க நாடகம். அஞ்சு பேருக்கும் ராஜா வேஷம் வேணுமாம், சேவகனுக்கு ஆள் இல்ல. நாளைக்கு சாரைப் போடலாம்னு சொன்னேன், ராஜா கூப்பிட்டா அவர் மறுநாள்தான் வருவார்னு லைப்ரரிப் பொண்ணு சொல்றா. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான். போர்டு அவ கையில போறதுல எனக்கு வருத்தம் எதுவும் இல்ல. எனக்கே தெரியும் போகணும்னு.

ஏன்னு கேக்குறீங்களா, இல்ல, ஸ்பீக்கரைப் பத்தி ஏதாவது கேட்டீங்களா? எதுவா இருந்தாலும் சரி, நான் இதைச் சொல்லி முடிச்சுடுறேன்.

பல்லி இருக்கே, அது சத்தியமா கான்வென்ட் குடுத்த தப்பு. அதை எந்த சபையிலயும் ஒத்துக்குறேன். ஏழரை அப்படி இல்ல. அந்த மேஜிக்காரர் போன்ல ஆறரைன்னுதான் சொல்லியிருக்கார், எனக்கு வந்து சேர்ந்தது ஏழரை. கவிதைன்னுதான் சொல்லியிருக்காங்க, நடுவுல ஒரு எழுத்து வழியிலேயே விழுந்துடுச்சு. காது தம்பி. ரெண்டும்தான். மழைக்காலத்துல ஆரம்பிச்சுது, சளின்னு நினைச்சேன், மழை போச்சு, இது போகல. கான்வென்ட் மேல பழியைப் போட்டுட்டுத் தப்பிச்சுக்கிட்டு இருக்கேன். எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. அவர் சொல்றதை நான் முன்னாடியும் காதுல போட்டுக்கிட்டதில்ல, அதனால அவருக்கு வித்தியாசம் தெரியல. இப்படி நிறுத்தாம பேசுறேன்ல, அதுவும் ஒரு வசதிதான். நான் பேசிட்டு இருக்கிற வரைக்கும் எதிர்ல இருக்கிறவங்க பேச்சு எனக்குக் கேக்க வேண்டியதில்ல பாருங்க.

டாக்டர்கிட்ட போனேன். மெலிசான சத்தம், உச்சத்துச் சத்தம் எல்லாம்தான் முதல்ல போகுமாம். போயிடுச்சு. அவ வீட்டுல எதிர்ல உட்கார்ந்து பாடுறா. கீழ பாடுறப்ப ஏதோ பக்கத்து வீட்டுல பாடுற மாதிரி வருது. மேல ஏற ஏற வாய் மட்டும்தான் திறந்திருக்கு. கழுத்து நரம்பு தெரியுது, கண்ணை மூடிக்கிறா, கை மேல போகுது, எனக்கு ஒண்ணும் வரல. போன வாரம் குத்துமதிப்பா, ரெண்டாவது பாட்டு கொஞ்சம் இழுக்குதுடின்னேன். ரெண்டாவதை நான் இன்னிக்குப் பாடவே இல்லையேம்மா, நேரா மூணாவதுதானே எடுத்தேங்கிறா. அதைத்தான் சொல்றேன், மூணாவதுன்னு எந்திரிச்சு அடுப்பைப் பாக்கப் போயிட்டேன். அடுப்புல ஒண்ணுமே இல்ல.

காதுக்கு மிஷின் வாங்கிட்டேன். இந்தக் கைப்பையிலதான் இருக்கு, யார் கண்ணுலயாவது படும்னு வெளிய மாட்டுறதில்ல. போட்டா பேச்சு நல்லாவே கேக்குது. பாட்டுதான், தகர டப்பாவுல கல்லைப் போட்டு உருட்டுற மாதிரி. பழகப் பழகச் சரியாகுமாம். சனிக்கிழமைக்குள்ள எங்க பழகுறது.

சொல்லிடலாம்தான். நானும் யோசிச்சேன். சொன்னா அவ என்ன பண்ணுவா தெரியுமா, கச்சேரியை நிறுத்தினாலும் நிறுத்துவா. நிறுத்தலன்னா அதைவிட மோசம், என்னைப் பாத்து எனக்குக் கேக்கணும்னு கத்திப் பாடுவா. எத்தனை வருஷமா அவளைக் கத்தாதடி, கத்தாதடின்னு சொல்லிச் சொல்லி இந்தக் குரலுக்குக் கொண்டு வந்திருக்கேன். என் காதுக்காக அது பாழாப் போகணுமா? ஞாயித்துக்கிழமை சொல்லிடுறேன். வீட்டுல எல்லாரையும் உட்கார வச்சு நானே சொல்லிடுறேன். சனிக்கிழமை மட்டும் தாண்டணும்.

முன் வரிசையில நான் உட்காரப் போறதில்ல. அங்க இருந்தா என் மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சுடுவா. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற உங்க மிக்ஸர் மேஜை கடைசியிலதானே வருது, அதுக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டுக்குறேன். நான் வாயைத் திறக்க மாட்டேன், உங்க வேலைக்கு இடைஞ்சல் இருக்காது. நீங்க எப்படியும் அவ பாடுறதை முழுசாக் கேக்கத்தானே போறீங்க, ஹெட்போன் வேற மாட்டிக்குவீங்க, யாருக்கும் கேக்காததுகூட உங்களுக்குக் கேக்கும். முடிஞ்சதும் கை தட்டுவாங்க, நாளைக்கு சார் எந்திரிச்சு நாலு வார்த்தை பேசுவார், அவர் நாலு வார்த்தை எப்படியும் கால்மணி நேரம் போகும். அதுக்குள்ள என் பக்கம் திரும்பி, மெதுவா, உதடு தெரியுற மாதிரி, எந்தப் பாட்டுல எந்த இடத்துல சறுக்கினான்னு மட்டும் சொல்லணும். எல்லாத்தையும் சொல்ல வேணாம். ஒரே ஒரு தப்பு போதும். அது நிஜத் தப்பா இருக்கணும், அவ தலையாட்டுற மாதிரி. நான் அதை அவகிட்ட சொல்லிடுவேன், அவ தண்ணி குடிச்சுடுவா.

நல்லாவே பாடி, தப்பே வரலன்னா, அதையும் அப்படியே சொல்லுங்க. அவளை எப்படி நம்ப வைக்கிறதுன்னு அப்ப நான் பாத்துக்குறேன். பாவம்னு நினைச்சு மட்டும் எதையும் குறைச்சுச் சொல்லிடாதீங்க.

செய்வீங்களா தம்பி?

அங்க ஏணி மேல இருட்டா இருக்கு, உங்க முகம் தெரியல. ஏதாவது சொல்லியிருந்தீங்கன்னா, இன்னொரு தடவை சொல்லுங்க.