ஒரே கைப்பிடி

பாளையங்கோட்டையில் நல்ல காபி கிடையாது என்பவர்கள் எங்கள் அலுவலகத்தின் எதிர்க்கடையில் குடித்ததில்லை. விசாரணைக்கு வந்த அன்று நீங்கள் அங்கே இரண்டாவது தம்ளர் கேட்டு வாங்கியதைப் பார்த்தேன். ருசி தெரிந்தவர், சொன்னால் புரிந்துகொள்வீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் எலியேசர். பதினாறு வருடமாக மென்பொருள் எழுதுகிறேன். அம்பாசமுத்திரத்துக்குக் கீழே, தாமிரபரணிக் கரையில் ஒரு தனியார் ஆலை தண்ணீர் எடுக்கிறது. அந்த இடத்துக்கு எச்சரிக்கை நிரல் எழுதிக் கொடுத்தவன் நான். மேலே ஆற்றில் மட்டம் ஏறினால் சைரன் ஊத வேண்டும். கீழே ஆற்றில், தண்ணீர் எடுக்கும் குழாயின் சல்லடையைச் சுத்தம் செய்கிறவர்கள் கரையேற வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

மட்டத்தை அளக்கும் கருவியோடு பேசுவதற்கு, கருவி விற்றவர்கள் ஒரு பழைய காம்பொனென்ட், அதாவது தயாராக எழுதிவைத்த ஒரு நிரல் துண்டு, கொடுத்திருந்தார்கள். நிரலின் எத்தனை பகுதிகள் தன்னைப் பிடித்திருக்கின்றன என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். கடைசிப் பிடியும் விட்டதும் செத்துவிடும். நாங்கள் எழுதும் புதிய மொழிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வேண்டாததைத் தனக்குத் தோன்றும்போதுதான் அள்ளிப் போடும். அதனால் பிடியை நாமே பார்த்துப் பார்த்து விட வேண்டும். பிடியை விடும் வரியை நான் நாற்பது இடங்களில் கையால் எழுதியிருந்தேன். இரண்டு இடங்களில் எழுத மறந்ததால் நினைவகம் வீங்கி, வாரம் ஒருமுறை நிரலை நிறுத்தித் திரும்ப ஓட்ட வேண்டியிருந்தது. வாரம் ஒருமுறைதான்.

ஸ்வீட்லின் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். அவள் ஒரு ஸ்மார்ட் பாயிண்டர் எழுதினாள். காம்பொனென்டைப் பிடித்துக்கொண்டு, வேலை முடிந்ததும் தானே விட்டுவிடும் ஒரு சின்ன உறை. என் நாற்பது வரியும் போயிற்று. மேலாளர் ஸ்ரீவிஷ்ணு எல்லார் முன்னாலும் சொன்னார்: "எலியேசர் சார், நீங்க அஞ்சு வருஷமா மல்லுக்கட்டினத இந்தப் பிள்ளை ஒரே வாரத்துல முடிச்சிட்டு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வலித்தது, அதை மறைப்பானேன்.

அவள் எழுதியதைச் சரிபார்த்து ஒப்புதல் தருவது என் பொறுப்பு. உட்கார்ந்து படித்த சிறிது நேரத்திலேயே கண்டுவிட்டேன். மாத அறிக்கைத் திரையும் சைரன் பகுதியும் ஆளுக்கொரு பிடி வைத்திருப்பதாக அவள் நினைத்திருந்தாள். உண்மையில் இருவர் கையிலும் இருந்தது ஒரே கைப்பிடி. அறிக்கையை மூடினால் அவளுடைய உறை அதை விட்டுவிடும். சைரன் பகுதியின் கையில் பிணம்தான் இருக்கும். பிழை வந்தால் சத்தமில்லாமல் கடந்துபோகும்படி நான் எப்போதோ எழுதி வைத்திருந்தேன். ஆலையின் முகப்புத் திரை கடைசி அளவைப் பச்சையாகக் காட்டிக்கொண்டே நிற்கும்.

அவளுக்கும் சந்தேகம் இருந்தது.

"சார், ரெண்டு பக்கமும் ஒரே பொருளத்தான் குடுக்கேன். ஒண்ணும் ஆகாதுல்லா?"

"நல்லா வந்திருக்கும்மா. போட்டுரு" என்றேன்.

நான் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. மாதக் கடைசியில் அறிக்கையைத் திறப்பார்கள். ஆற்றில் ஆள் இல்லாத ஏதோ ஒரு நாளில் மட்டம் ஏறும். சைரன் ஊதாது. ஸ்ரீவிஷ்ணு என் மேசைக்கு வருவார். அதுவரைதான் யோசித்திருந்தேன்.

பத்தொன்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. இருபதாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, ஆலையில் மோட்டார் பார்க்கும் கண்ணன் போன் செய்தான்.

"அண்ணாச்சி, மலைப்பக்கம் கறுத்துக்கிட்டு வருது. மூணு பேரு கீழ சல்லடையில நிக்காவ. சைரன் சரியா இருக்கான்னு எப்படிப் பாக்க?"

"மாச ரிப்போர்ட்டத் திறந்து பாத்துட்டு மூடு லே. பச்சையா இருந்தா பயமில்ல."

திறந்தான், மூடினான். "பச்சைதான் அண்ணாச்சி" என்றான். குரலில் நிம்மதி தெரிந்தது. கேட்டதற்குப் பதில் சொன்னேன். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. பிறகு டீத் தூக்கை எடுத்துக்கொண்டு அவனும் கீழே இறங்கியிருக்கிறான்.

முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் வந்தது. இரண்டு பேர் கரையேறிவிட்டார்கள், அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கண்ணனும் சண்முகசுந்தரி என்ற பெண்ணும் ஏறவில்லை.

ஸ்வீட்லின் தன் தப்புதான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். சரியாகச் சாப்பிடுவதில்லையாம். அவளைக் கைது செய்யப்போவதாகப் பேச்சு இருக்கிறது. அந்தப் பிள்ளையைக் காப்பாற்றத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு வேறு நோக்கம் கிடையாது.

உங்கள் விசாரணை அறிக்கையின் நகலை நேற்றுப் படித்தேன். ஆறாம் பக்கத்தில், "மூத்த நிரலாளர் எலியேசர் பிழையைக் கவனிக்கத் தவறினார்" என்று இருக்கிறது. அவளைப் பற்றி எழுதியதை உங்களுக்குத் தோன்றியபடி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரியை மட்டும் தயவுசெய்து திருத்திவிடுங்கள். நான் கவனித்தேன்.