மைனா ஷூ விளம்பரத்தின் நீளமான வடிவம்

பழைய வீடியோ கேசட்டில் பூஞ்சை பிடித்தால் பலர் வெயிலில் காய வைக்கிறார்கள். அது தவறு, மேடம். நாடா சுருங்கிப் படம் போய்விடும். நிழலில், ஃபேன் காற்றில், பொறுமையாக உலர்த்த வேண்டும்.

ஆம்பூர் பஜாரில் கேசட்டிலிருந்து பென்டிரைவுக்கு மாற்றித் தரும் கடை என்னுடையது. கல்யாணம், காதுகுத்து, ஞானஸ்நானம் எல்லாம் வரும். டிவியிலிருந்து யாரோ பதிவு செய்த படங்களின் நடுவே பழைய விளம்பரங்களும் மாட்டும். ஒரு விளம்பரத்தை முதலில் நீளமாகக் காட்டுவார்கள், பிறகு வெட்டிச் சுருக்குவார்கள். நீளமானது தொலைந்துபோகும். அப்படித் தொலைந்தவற்றைத் தேட எங்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. அதில் இந்த இன்பராஜ் என்றால் தனி மரியாதை. காரணம், மைனா ஷூ.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது வந்த விளம்பரம் அது. இன்று கிடைப்பது சுருக்கிய வடிவம் மட்டும். கறுப்பு ஷூ போட்ட இரண்டு கால்கள் ஈரத் தரையில் நடந்து போகும். முகம் நீளமான வடிவத்தில்தான் வரும். அந்தக் கால்கள் என்னுடையவை. அப்பா அந்தக் கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தார். படப்பிடிப்புக்கு என்னை அழைத்துப் போனார். ஷூ போட்டுவிட்டு நடக்கச் சொன்னார்கள், நடந்தேன். பெண் பார்க்கப் போன இடத்தில் இதைக் கேட்டுத்தான் என் மாமனார் எழுந்து கை கொடுத்தார். என் மனைவி சோபனா இன்றும் புதியவர்களிடம், "எங்க வீட்டுக்காரரு டிவில வந்தவரு" என்றுதான் பேச்சைத் தொடங்குவாள்.

பிரிசில்லா போன வருடம் குழுவில் சேர்ந்தாள். பாகாயத்தில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. என்னை அண்ணா என்பாள். முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு கேள்விகள் தொடங்கின.

"அண்ணா, ஷூட்டிங் அன்னிக்கு மழையா?"

"கூட வேற பசங்க இருந்தாங்களாண்ணா?"

மற்றவர்கள் அதை ஆர்வம் என்று நினைத்தார்கள். ஒரே கேள்வியைச் சற்று மாற்றி மறுபடி கேட்பவர்களை எனக்குத் தெரியும். நீங்களும் அப்படித்தான் கேட்கிறீர்கள், தப்பில்லை. ஒருமுறை நான் எழுதியதற்குக் கீழே ராஜேஷ் என்பவர் ஒரு சிரிக்கும் பொம்மை போட்டார். அவள் சொல்லித்தான் போட்டிருக்கிறார் என்று புரிந்தது. அதன்பின் அவள் எப்போது ஆன்லைனில் இருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போன மாதம் ஒரு மத்தியானம் கடைக்கு வந்தாள். அரக்கோணத்தில் மூடப்போகும் டிவி ரிப்பேர் கடையிலிருந்து ஒரு கேசட் வாங்கியிருந்தாள்.

"கெடச்சிடுச்சுண்ணா. மைனா ஷூ பெரிசு இதுலதான் இருக்குதாம். எங்கிட்ட டெக் இல்ல. உங்களோட சேந்து பாக்கணும்னு எடுத்துனு வந்தேன்."

போட்டோம். கால்கள் நடந்தன. காமிரா மேலே ஏறியது. கன்னத்தில் குழி விழும் ஒரு பையன், சிவப்பாக, யாரென்றே தெரியாத பையன், சிரித்தான். அவனுக்குப் பின்னால் கேட் ஓரமாகச் சில பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அவள் படத்தை அங்கேயே நிறுத்தினாள். பிறகு திரையில் விரல் வைத்தாள்.

"அண்ணா, கேட்டாண்ட செருப்பில்லாம நிக்கிறது நீங்கதான? நீங்களும் இருக்கீங்கண்ணா."

காது ஒரே மாதிரி இருந்தது உண்மைதான். ஆம்பூரில் பலருக்கு அப்படிக் காது உண்டு.

"சின்ன வயசு ஞாபகம் அப்டித்தாண்ணா, மாறிப்போய்டும். குரூப்புல நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அப்புறமா நான் போடறேன்."

அன்பாகத்தான் சொன்னாள். அதை நான் மறுக்கவில்லை.

"வேற யார்கிட்டயாவது சொன்னியாம்மா?"

"இல்லண்ணா. உங்ககிட்டதான் மொதல்ல."

எடுத்த இடத்தைக் காட்டுகிறேன், ஒரு போட்டோவும் சேர்த்துப் போடலாம் என்றேன். சந்தோஷமாக என் ஸ்கூட்டரில் ஏறினாள். மாதனூர் போகும் வழியில் தோல் பதனிடும் அந்தப் பழைய டேனரி பூட்டிக் கிடக்கிறது, பின்பக்கச் சுவர் இடிந்திருக்கும். உள்ளே கழிவுநீர்த் தொட்டி, மேலே பலகை. அவள் போனை வாங்கிக்கொண்டு, கட்டடம் முழுவதும் தெரிய வேண்டும், பின்னால் போ என்றேன். இன்னும் கொஞ்சம் என்றேன். நான் சொல்லச் சொல்ல நகர்ந்தாள். என்மேல் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

தொட்டியில் பாதிக்கு மேல் மழைத்தண்ணீர். சுவரில் பிடிமானம் கிடையாது. "அண்ணா, கை குடுங்கண்ணா" என்றாள். நல்ல குரல் அவளுக்கு, சர்ச்சில் பாடுவாள். சத்தம் அடங்கும்வரை நின்றேன். பிறகு போனை உள்ளே போட்டுவிட்டு, தகரம் ஒன்றை இழுத்து மூடினேன்.

கடைக்குத் திரும்பி அந்தக் கேசட்டின் மேல் ஒரு கல்யாண ரிசப்ஷனைப் பதிவு செய்தேன். இத்தனை வருடத்தில் ஒரு கேசட்டையும் நான் அழித்ததில்லை. அது இன்றுவரை உறுத்துகிறது.

அவள் அம்மா ஆரோக்கியமேரி என் கடைக்குத்தான் முதலில் வந்தார். "உன்னைப் பத்திதாம்ப்பா எப்பவும் பேசும்" என்று அழுதார். காணவில்லை போஸ்டர் நான்தான் அடித்துக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டில் அவரோடு சேர்ந்து ஒட்டினேன்.

பக்கத்து ஷூ கம்பெனி காமிராவில் இரண்டு பேர் போய் ஒருவர் திரும்பும் காட்சியை இப்போது காட்டினீர்கள். என் முகம் தெளிவாக விழுந்திருக்கிறது. அந்த மெஷின்களில் பழையது தானாக அழிந்துவிடும், ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.

கால் தவறி விழுந்தாள் என்று காலையில் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். பலகை உளுத்திருந்தது எனக்குத் தெரியும். பத்து நாள் முன்பே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கேசட் கிடைக்கும் முன்பே.

ஆனால் ஒன்றைச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அவள் கொண்டுவந்தது முதல் வடிவம் இல்லை. அதற்கும் முன்னால் ஒன்று எடுத்தார்கள், அதில் நடப்பது நான்தான். எங்கேயோ இருக்கிறது. பிரிசில்லா இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பாள். தேடுவதில் அவள் கெட்டிக்காரி.